கடல்மீனும் எங்கள் ஃப்ரிட்ஜும்

வீட்டில் பவளமும் கடல்மீனும் வளர்க்க என் கணவருக்கு ஆசை வந்தது. இரண்டடி நீளத் தொட்டிக்கு மூன்று மாதம் திட்டம் போட்டார். எந்த விளக்கு, எத்தனை கிலோ பாறை, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று எக்செல்லில் பதினொரு பக்கம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விழிஞ்ஞம் கடல் இருக்கிறது. இவரோ வெளிநாட்டு உப்பு வரவழைத்து, குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் கரைத்து, தானே ஒரு கடல் செய்தார். எட்டிப் பார்த்த என்னிடம், "உனக்கு இதெல்லாம் புரியாதுடி" என்றார்.

தொட்டி தயாரானதும் முதல் ஜோடி மீன் வாங்கக் கடைக்குப் போனோம். எனக்குப் புரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டேன். "இதுக்கு ஆகாரம் என்ன?"

மலையாளிக் கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "இறால், சாரே. பொடியா அரிஞ்சு ஐஸ்கட்டியா வரும். ஃப்ரீசர்ல வெச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

என் கணவர் முகம் வெளிறியது. எங்கள் அக்ரஹாரத்து வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைகூட நுழைந்ததில்லை. "நம்மாத்துல அதெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்.

வழியெல்லாம் ஆசாரத்தைப் பற்றிப் பேசினார். சனிக்கிழமைதோறும் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் மீன் வறுவல் தின்றுவிட்டு, ஏலக்காய் மென்றபடி வீட்டுக்கு வருகிறவர் அவர். அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் நான்.