தள்ளிப் போடுற மாத்திரை

கோயில் தேரு, நாத்தனார் வளைகாப்பு, காதுகுத்து, எது வந்தாலும் எனக்கு முதல் வேலை மெடிக்கல் ஷாப்புக்குப் போறதுதான். "தள்ளிப் போடுற மாத்திரை குடுங்கக்கா"ன்னு மெதுவா கேப்பேன். கடைக்கார அக்கா டாக்டர் சீட்டெல்லாம் கேக்காது. மாசி மகத்துத் தேர் அன்னிக்குத் தூரமாயிட்டு வூட்டுல ஒக்காந்திருக்க எந்த மருமவளுக்கு மனசு வரும்? பீங்கான் கம்பெனியில என்கூட பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற பொம்பளைங்க பாதிப் பேரு இதேதான் பண்ணுவாங்க.

கல்யாணமாகி நாலாவது வருஷம், மாத்திரை போடாமலே தள்ளிப் போச்சு. மாமியார் என்னைக் குடம் தூக்கவே வுடல. நானும் வாயெல்லாம் பல்லா திரிஞ்சேன். சோதிச்சுப் பார்த்தா ஒத்தக் கோடு. மூணாம் மாசமும் அதே ஒத்தக் கோடுதான். பாத்ரூம் கதவைச் சாத்திகிட்டு அழுதேன். இனிமே நமக்குக் குழந்தையே இல்லியோன்னு அவ்ளோ பயம்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாங்க, தைராய்டு பார்த்தாங்க. "கருமுட்டை மாசாமாசம் சரியா வெடிக்கலம்மா, அதான் வரல. பயப்படாத, வழி இருக்குது"ன்னாங்க. முதல்ல பத்து நாள் ஹார்மோன் மாத்திரை போட்டு வர வைக்கணும். வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து முட்டை வளர வேற மாத்திரை. குழந்தை இப்ப வேணாங்கறவங்களுக்கு, மாசம் தவறாம வர்றதுக்குக் கருத்தடை மாத்திரையே குடுப்பாங்களாம். "அய்யோ, எனக்கு அது வேணாங்க"ன்னு அவசரமா சொன்னேன். சிரிச்சாங்க.

வெளிய வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பகீர்னுச்சு. தேருக்கு நான் வாங்குற அதே மாத்திரை! வராம நிறுத்துறதையே வர வைக்க எழுதிக் குடுத்திருக்காங்களே, என்னை என்ன மாங்கா மடைச்சின்னு நெனச்சிட்டாங்களா? நாலு நாள் அதைத் தொடவே இல்ல. அஞ்சாம் நாள் பெர்மிஷன் போட்டுட்டு சண்டைக்கே போனேன்.

டாக்டரம்மா கோச்சுக்கல. "தேர் முடிஞ்சு மாத்திரைய நிறுத்துவியே, அப்புறம் என்ன ஆவும்?"

"ரெண்டு மூணு நாள்ல வந்துடும்."

"அதேதாம்மா. போடுற வரைக்கும் நிக்கும், நிறுத்தினா வரும். ஆனா இனிமே கடையில நீயா வாங்கிப் போடாத."

எனக்கு வெக்கமா போச்சு. இத்தனை வருஷமா என் ஒடம்புல நடந்தது எனக்கே தெரியலியே!

பத்து நாள் போட்டு நிறுத்தினேன். ஒரு நாள் போச்சு, மூணு நாள் போச்சு. "வரும் வுடு"ன்னு என் வூட்டுக்காரரு சொல்லிகிட்டே இருந்தாரு, ஆனா அவரு சோறும் தட்டுல அப்படியேதான் கெடந்துச்சு. அஞ்சாம் நாள் மத்தியானம், பொம்மைக்குப் புருவம் எழுதறப்ப அடிவயிறு சுருக்குன்னுச்சு. பிரஷ்ஷைப் போட்டுட்டு ஓடினேன். வந்திருந்துச்சு. அம்மாடி, இதுக்குப் போயி ஒருத்தி இவ்ளோ சந்தோஷப்படுவாளா!

அவருக்குப் போன் போட்டு, "நாளைக்கு லீவு சொல்லுங்க, டாக்டர்கிட்ட போவணும்"னேன்.

தூரமான மூணு நாளும் தலையில பூ வைக்கிற பழக்கம் எங்க வூட்டுல கிடையாது. அன்னிக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு முழம் மல்லி வாங்கி வெச்சிகிட்டுதான் போனேன். "தூரமாயிட்டேன் அத்தை"ன்னு வாசல்லயே சொன்னேன். அவங்க என் தலையையே பார்த்தாங்க.

"அதுக்குத்தான் அத்தை வெச்சிகிட்டேன்"னேன்.