கோகிலா சொன்னதும் ஷ்யாமளா எழுதியதும்

ஷ்யாமளாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாட்டுங்காவில் பூக்கடைகளுக்குப் பின்னால் செல்லும் சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் மாண்டிசோரி பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறார். மூன்று வயதுக் குழந்தை தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்துவிட்டால் அவர் எழுந்து ஓட மாட்டார். துடைக்கும் துணி இருக்கும் இடத்தைக் கண்ணால் காட்டுவார். குழந்தை தானே போய் அதை எடுத்துவந்து துடைக்கும். அழுதுகொண்டு வரும் புதுக் குழந்தையை அவர் மூன்றே நாளில் பாயில் உட்கார வைத்துவிடுவார் என்று பெற்றோர் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு தம் காதில் விழுவது அவருக்குப் பிடிக்கும். வேறு எவரைப் பற்றியும் அப்படிப் பேசப்பட்டதில்லை என்பது இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் கோகிலவாணி உதவியாளராக வந்து சேர்ந்தார். வயது முப்பத்து நான்கு. தாராவியிலிருந்து நடந்தே வருவார். பம்பாய்ப் பள்ளிகளின் வழக்கப்படி குழந்தைகள் அவரை மௌஷி, அதாவது மராத்தியில் சித்தி, என்று அழைத்தார்கள். வாசலில் குழந்தைகளை இறக்கிக்கொள்வது, கை அலம்பிவிடுவது, ஈர உடையை மாற்றுவது ஆகியவை அவர் வேலை. எந்தப் பயிற்சியும் பெற்றவரல்லர். ஆனால் ஆகஸ்ட் மாதத்திற்குள், கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட குழந்தைகள் ஷ்யாமளாவைக் கடந்து அவரிடம் ஓடத் தொடங்கின. ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள். ஷ்யாமளா எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது குழந்தை ஓடிய அன்று மாலை தம் கணவர் சுந்தரராமனிடம் சொன்னார்: "அவ குழந்தைகளை மடியில வெச்சுக்கறா. எங்க முறையில அது கூடாது, தெரியுமோ?"

சுந்தரராமன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?"

"எழுதலை. ஆனா கூடாது."

"அப்போ நீயும் வெச்சுக்கோயேன்."

ஷ்யாமளா டபராவை மேசைமேல் வைத்த ஓசை அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் கை அலம்பும் இடத்தில் கோகிலா பாடிக்கொண்டிருந்தார். ஷ்யாமளா நின்று, "கோகிலா, குழந்தை இங்கே கை அலம்ப வந்திருக்கா, கச்சேரி கேக்க வந்திருக்கா?" என்றார்.

"ரெண்டுக்குந்தான் டீச்சர். பாட்டு முடியுத வரைக்கும் சோப்பு தேய்க்கணும்னு சொல்லிருக்கேன். இல்லைன்னா வெறல மட்டும் நனைச்சிட்டு ஓடிருதுவ."

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ரஞ்சனா அவ்வழியே வந்தார். "பேஷ்! இதை எல்லாரும் பண்ணுங்கோ," என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று ஷ்யாமளா மதிய உணவைப் பாதியில் மூடி வைத்தார்.

இந்நிலையில்தான் ஆதர்ஷின் விவகாரம் வந்தது. நாலரை வயதுப் பையன். செம்பூரிலிருந்து வேனில் வருவான். தாய் சாதனா ஐரோலியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்கே குழந்தையை வேனில் ஏற்றிவிட்டுக் கிளம்புகிறவள். பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் ஆதர்ஷ் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வற்புறுத்த வேண்டாம், காத்திருக்கலாம் என்று ஷ்யாமளா முடிவு செய்தார். அந்த முடிவு சரியானதே. ஆனால் அவன் என்றைக்குப் பேசினாலும் முதல் சொல் தம்மிடம் சொன்னதாகவே இருக்கும் என்பதையும் அவர் முடிவு செய்து வைத்திருந்தார்.

செப்டம்பரில் ஒரு காலை, குளியலறை வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. உள்ளே ஆதர்ஷ் பேசிக்கொண்டிருந்தான். ஒரு சொல் அல்ல, சொற்றொடர் சொற்றொடராக. வேர்வையில் ஊறிய அவன் பனியனைக் கோகிலா கழற்றிக்கொண்டிருந்தார். ஷ்யாமளாவைக் கண்டதும் பையன் வாயை மூடிக்கொண்டான்.

சிறிது நேரத்தில் கோகிலா வெளியே வந்து தணிந்த குரலில், "டீச்சர், ஒரு விசயம். ஆதர்ஷ் வாயத் தெறந்துட்டான்," என்றார்.

"எப்போலேர்ந்து பேசறான்?" இதுதான் ஷ்யாமளா கேட்ட முதல் கேள்வி.

"ஒரு வாரமா டீச்சர். சட்டை மாத்தயில ஒவ்வொன்னாச் சொல்லுதான். வேன்ல ஒரே புழுக்கமா இருக்காம். அந்த டிரைவரு வந்து..."

"சரி, சரி. நான் எழுதிக்கறேன். நீ போய் மத்த குழந்தைகளைப் பாரு."

"இல்ல டீச்சர், இன்னும் இருக்கு."

"குழந்தையைத் துருவித் துருவிக் கேக்கப்படாதுன்னு சொல்லிருக்கோமா, இல்லையா?"

"நான் ஒன்னுங் கேக்கல டீச்சர். அவனாத்தான்..."

"கோகிலா."

பெயரை மட்டும் சொன்னார். கோகிலா போய்விட்டார்.

அப்பள்ளியில் ஒரு பதிவேடு உண்டு. குழந்தை தன் பயத்தையோ வலியையோ, பெரியவர் எவரேனும் நடந்துகொண்ட விதத்தையோ சொன்னால், அதை அன்றே, குழந்தையின் சொற்களிலேயே, யாரிடம் சொன்னது என்பதையும் குறித்து எழுத வேண்டும். உதவியாளர் காதில் விழுந்தால், அவர் சொல்ல ஆசிரியை எழுதி உதவியாளரின் பெயரைப் போட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இந்த விதியை எழுதியவரே ஷ்யாமளாதான். அன்று அவர் எழுதியது இது: "வேனில் காற்றோட்டம் போதவில்லை என்று ஆதர்ஷ் இன்று என்னிடம் கூறினான்."

பிழையில்லாத வாக்கியம். கோகிலா சொல்ல வந்ததில் பாதி அதில் இல்லை. 'என்னிடம்' என்றது பொய்.

மாலைக் கூட்டத்தில் ரஞ்சனா அதைப் படித்துவிட்டு, "ஷ்யாமளா, உன்கிட்டே பேசிட்டானா! எனக்குத் தெரியும்," என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வாசலருகே பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த கோகிலா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீண்டும் சுருட்டத் தொடங்கினார். அன்று இரண்டு மாதத்திற்குப் பிறகு ஷ்யாமளா நிம்மதியாகச் சாப்பிட்டார். வேன் ஜன்னல்களைத் திறந்து வைக்கும்படி, டிரைவரை வேலைக்கு வைத்திருந்த வேன்காரருக்கு ரஞ்சனா தொலைபேசியில் சொன்னார். ஆகட்டும் என்றார் அவர்.

ஒன்பது நாள் கழித்து, வேனிலிருந்து இறங்கிய ஆதர்ஷ் துவண்டு விழுந்து வாசலிலேயே வாந்தி எடுத்தான். பக்கத்து மருத்துவமனை டாக்டர் வந்து பார்த்தார். வெப்பம் தாங்காத மயக்கம், ஆபத்தில்லை, தண்ணீர் கொடுத்துப் படுக்க வையுங்கள் என்றார். ரஞ்சனா ஷ்யாமளாவை அலுவலக அறைக்கு அழைத்தார்.

"ஜன்னல் தொறந்திருந்தா இப்படி ஆகுமோ? அவன் உன்கிட்டே என்ன சொன்னான்? அப்படியே அவன் வார்த்தை வேணும் எனக்கு. பன்னெண்டு மணிக்கு வேன்காரர் வரார். எல்லாத்தையும் இல்லைன்னு சாதிப்பார். ஒண்ணரைக்கு வேன் கிளம்பணும், இன்னும் ஆறு குழந்தை அதுல போறது. கையில ஒண்ணுமில்லாம நான் எப்படி நிறுத்தறது?"

"கேட்டுண்டு வரேன்," என்றார் ஷ்யாமளா.

ஆதர்ஷ் பாயில் படுத்திருந்தான். ஷ்யாமளா அவனருகே தரையில் அமர்ந்தார். "கண்ணா, வேன்ல என்ன ஆச்சு?" என்று மெல்லக் கேட்டார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காத்திருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒருமுறை அவன் தலையைத் தூக்கி, அவர் தோளுக்கு அப்பால் வாசலைப் பார்த்தான். யாரைத் தேடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிலையிலும் அது அவரைச் சுட்டது.

குழந்தை களைத்திருக்கிறான், பேசவில்லை என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுந்தார். அலுவலக அறை வரை அந்த எண்ணம் உடன் வந்தது. கதவருகே, ஒன்றரை மணிக்குக் கிளம்பும் குழந்தைகளின் பைகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. ஆறு பைகள்.

"அவன் எங்கிட்டே சொல்லலை. கோகிலாட்ட சொன்னான். நான் அவளை முழுசாச் சொல்ல விடலை," என்றார்.

ரஞ்சனா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உன் பேர்ல ஏன் எழுதினே?"

"பொறாமை."

மேசையிலிருந்த பதிவேட்டை ரஞ்சனா மூடினார். கோகிலாவை அழைத்து எதிரே உட்காரச் சொன்னார்.

"அவன் சொன்ன மாதிரியே சொல்லட்டா மேடம்?" என்று கேட்டுவிட்டுக் கோகிலா சொன்னார்: "'அங்கிள் மொதல்ல என்னை ஏத்திண்டு வருவா. சயான்ல நிறுத்திட்டு, தர்வாஜா லாக் பண்ணிட்டு சாய் குடிக்கப் போயிடுவா. உள்ள ரொம்ப கர்மி. நான் தட்டினாலும் வரமாட்டா. அம்மாட்ட சொன்னா இன்னும் நாழி பூட்டுவேன்னு சொன்னா.' இதான் மேடம். ஒரு வாரமா ஒவ்வொன்னாச் சொன்னது இம்புட்டுந்தான்."

திருநெல்வேலித் தமிழ் மட்டுமே பேசும் அந்த வாயிலிருந்து செம்பூர்க் குழந்தையின் இந்தி கலந்த பேச்சு ஓர் அசைகூட மாறாமல் வந்தது. இவ்வளவு கவனமாகத் தாம் எந்தக் குழந்தையையாவது கேட்டிருக்கிறோமா என்று ஷ்யாமளா எண்ணினார். உள்ளுக்குள் எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது.

"நீ ஏன் நேரா என்கிட்ட வரலை?" என்றார் ரஞ்சனா.

"டீச்சர்கிட்டயும் பேசிட்டான்னு நீங்க எல்லாரும் கை தட்டுனீங்களே மேடம். முழுசும் சொல்லிருப்பான்னுல்லா நெனச்சேன்."

ஷ்யாமளாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வந்த வேன்காரர் முதலில் சத்தம் போட்டார். சயான், டீக்கடை, பூட்டிய கதவு, உள்ளே புழுக்கம் என்று ரஞ்சனா ஒவ்வொன்றாகச் சொன்னபோது, வெளியே நின்ற டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். வேன் அன்றே நிறுத்தப்பட்டது. ஆறு குழந்தைகளையும் ஆசிரியைகள் டாக்சியில் வீடு சேர்த்தார்கள். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் கோகிலவாணியின் பெயர் முதலில் எழுதப்பட்டது.

பகலில்தான் தொலைபேசிச் செய்தியைப் பார்த்த சாதனா, இரண்டு மணிக்கு ஐரோலியிலிருந்து ஓடிவந்தாள். நேராக ஷ்யாமளாவிடம் வந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். "ஆன்ட்டி, உங்ககிட்ட மட்டுந்தான் பேசறான்னு மேம் அன்னைக்கே சொன்னா. நீங்க இல்லைன்னா என் குழந்தை என்ன ஆயிருப்பான்!"

அந்தக் கைகளின் பிடி ஷ்யாமளாவுக்கு மிகவும் வேண்டியிருந்தது.

"நான் இல்லை, சாதனா. அதோ நிக்கறாளே, அவகிட்டதான் சொன்னான். அவ எங்கிட்ட சொல்ல வந்தா. நான் கேட்டிருந்தா ஒன்பது நாள் முன்னாடியே இது நின்னிருக்கும்."

சாதனா கைகளை விட்டுவிட்டாள். கோகிலாவை நோக்கி நடந்தாள். தாயின் குரல் கேட்டு எழுந்துவந்த ஆதர்ஷ், ஒரு கையால் தாயின் துப்பட்டாவையும் மறு கையால் மௌஷியின் சேலையையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

மன்னிப்பு என்று எவரும் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் பதிவேட்டின் விதி மாறியது: கேட்டவரே, தமக்குத் தெரிந்த மொழியில், தாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோகிலா தமிழில் எழுதுகிறார். பம்பாயில் பிறந்து வளர்ந்த ரஞ்சனாவுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அதை உரக்கப் படித்துக் காட்டும் பொறுப்பு ஷ்யாமளாவுடையது. ஆதர்ஷ் இப்போது ஷ்யாமளாவிடமும் பேசுகிறான், கேட்டதற்கு மட்டும்.

போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஐந்து பதிவுகள் இருந்தன. ஐந்தும் குழந்தைகள் கோகிலாவிடம் சொன்னவை. ஒவ்வொன்றைத் தொடங்கும்போதும் ஷ்யாமளாவின் குரல் சற்று இறுகியது. ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றையும் கடைசிச் சொல் வரை படித்தார்.