முகத்தைக் காட்டினால் திறக்கும்

பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்த அன்றே மகள் தனக்கொரு லப்டொப் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். புதிது வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இவள் அப்பா புதிதாக எதையும் வாங்கும் மனிதரில்லை. எங்கள் வீட்டுக் கதிரை, மேசை, உடுப்புத் தோய்க்கும் மெசின், எல்லாமே யாரோ பாவித்துவிட்டுத் தந்தவை. "எங்கடை ஆக்களிட்டை வாங்கினால் ஏமாத்து இராது" என்பார். எங்கடை ஆக்களிடம் வாங்கி அவர் ஏமாந்த கதைகளைச் சொல்லத் தொடங்கினால் பாரிசுக்கு வெளியே எங்கள் திரான்சியில் ரயில் ஏறி, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இறங்கும்வரை சொல்லலாம்.

அங்கே ரூ காய் வீதியில் வழக்கமாக அரிசி வாங்கும் கடைக்கார அண்ணைதான் ஆளைப் பிடித்துக் கொடுத்தார். தெரிந்த குடும்பம், வீட்டில் பாவிக்க ஆளில்லை, சும்மா கிடக்கிறது என்றார். பாவித்த பிள்ளை கலியாணம் கட்டிப் போயிருக்கும், இல்லாவிட்டால் லண்டனுக்கு மாறியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பழைய சாமான் வாங்கும்போது எங்கள் ஆட்கள் விலையைக் கேட்பார்கள், சார்ஜர் இருக்கிறதா என்று கேட்பார்கள். யாருடையது, ஏன் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தைக் கிண்டுவதாகிவிடும் என்று ஒரு கூச்சம்.

பக்கத்து வீதியான ரூ பெர்தொனேயில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். அந்த மனிதர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சேலைக்கடைப் பை ஒன்றை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உள்ளே துவாயில் சுற்றி லப்டொப். இவர், என் கணவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பெரிய விஷயகாரர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே போனில் கதைத்துக்கொண்டு நின்ற மகள் உள்ளே வந்தாள்.

அந்த மனிதர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவேயில்லை. அவள் எதிரே உட்கார்ந்திருக்க, தன் தேநீர்க் குவளையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"பிள்ளை என்ன படிக்கப் போறா?"

"சட்டம்" என்றேன்.

"நல்லாப் படிக்கட்டும்."

எழுந்துவிட்டார். கொண்டுவந்து வைத்த தேநீரில் வாய்கூட வைக்கவில்லை. போன மனிதர் வீதியைக் கடந்து, எதிரே ஒரு நகைக்கடைச் சுவரோடு முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். "பேயைக் கண்ட ஆள் மாதிரி ஓடுறார், என்னத்தைத் தலையிலை கட்டிப்போட்டாரோ" என்று இவரிடம் பகிடி விட்டேன். இவர் சிரித்தார். மகளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து துவாயைப் பிரித்தபோது மூடியின் மேல் மூலையில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது, நடுவில் துளி குங்குமம். நாங்கள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். சைவ ஆட்கள் கார் வாங்கினாலும் பொட்டு வைப்பார்கள், பிள்ளை படிக்கிற மெசின் என்று சரஸ்வதி பூசைக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நல்ல சகுனம் என்றுகூடச் சொன்னேன். பிறகு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

மகள் மூடியைத் திறந்தாள். மேலே கமராவுக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு வெளிச்சம் இரண்டு தரம் மின்னியது. திரையில் பிரெஞ்சில் வணக்கம் என்று வந்தது. பக்கத்தில் ஒரு பெயர். தமிழ்ப் பெண்பிள்ளையின் பெயர், ஆனால் என் மகளுடையது இல்லை. உடனே திறந்துகொண்டது. முன்பு பாதியில் நிறுத்தியிருந்த ஒரு பாட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது.

"கடவுச்சொல்லே போடேல்லை போல" என்றார் இவர்.

அவள் மூடிவிட்டு என்னிடம் தந்தாள். நான் திறந்தேன். சிவப்பு வெளிச்சம் மின்னியது, கடவுச்சொல்லைக் கேட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்தார். அதற்கும் திறக்கவில்லை. மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் என்றது.

உரியவரின் முகத்தைக் காட்டினால் திறக்கும்படி செய்திருக்கிறார்கள், சில நேரம் சாயல் ஒத்திருந்தால் ஏமாந்துவிடும் என்று மகள் விளக்கினாள். சொல்லும்போது சிரித்தவள், சொல்லி முடித்தபோது சிரிக்கவில்லை. நான் பெற்ற முகம் அது. நெற்றி என் மாமியாருடையது, மூக்கு என்னுடையது என்று பதினெட்டு வருடமாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறேன். அதை ஒரு பெட்டி வேறு யாரோ என்று அடித்துச் சொல்கிறது.

விற்பவர்கள் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்காது. "இப்பவே அழி" என்றேன். மகள் மறுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் படங்கள், வீடியோக்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, அவளைக் கேட்காமல் அழிப்பது சரியில்லை என்றாள். சட்டம் படிக்கப் போகிறவள் அல்லவா. சரி என்று கடைக்கார அண்ணைக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பிள்ளையிட்டை ஒருக்காக் கேளுங்கோ அண்ணை, படங்கள் வேணுமோ எண்டு."

அவர் கடையை விட்டு வெளியே வந்தார் போல, பின்னாலிருந்த சத்தம் குறைந்தது.

"அந்தப் பிள்ளை இல்லையே, தங்கச்சி. உங்களுக்குச் சொல்லேல்லையோ? காய்ச்சல் எண்டு படுத்தது, எழும்பவேயில்லை. முப்பத்தோராம் நாள் படையலுக்கு நானும் போனனான். அதின்ரை படத்துக்கு முன்னாலை அது ஆசைப்பட்டதெல்லாம் வைச்சிருந்திச்சினம். சாப்பாடு, உடுப்பு, அந்த லப்டொப்பும்தான்."

நான் துடைத்த பொட்டு எந்தப் பொட்டு என்று அப்போதுதான் விளங்கியது. ஈரத் துணி இன்னும் மேசையில் கிடந்தது.

கோபம் முழுவதும் இவர் மேல் திரும்பியது. "இஞ்சேருங்கோ, செத்த பிள்ளைக்குப் படைச்ச சாமானையே கொண்டுவந்து என்ரை பிள்ளையின்ரை மடியிலை வைச்சியள்?"

"நீயும்தானே பக்கத்திலை இருந்தனீ" என்றார்.

அது உண்மை. அதனால் இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது. லூர்துக்கு யாத்திரை போனபோது கொண்டுவந்த மாதா போத்தல் தண்ணீரை எடுத்துத் தெளிக்கப் போனேன். "அம்மா, தண்ணி பட்டால் அது செத்துப் போகும்" என்று மகள் கையைப் பிடித்தாள். போத்தலைத் திரும்ப மூடி வைத்தேன்.

மகளின் முகத்துக்கு அது திறக்கிறதைக் கடைக்கார அண்ணை அந்த வீட்டுக்குச் சொல்லிப் பதில் வரும்வரை லப்டொப் எங்கள் வீட்டில்தான் இருந்தது. விரிவுரைகள் தொடங்கிவிட்டன. மகளுக்கு வேறு வழியில்லை, அதில்தான் வேலை செய்தாள். காலையில் அதைத் திறப்பாள், அது அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். ஒருநாள் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது, முன்னறையில் "போன்ஜூர்" என்று அவள் குரல் கேட்டது. யார் வந்தது என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அவள் திரைக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"அவளின்ரை பேருக்கு நீ ஏன் பதில் சொல்லுறாய்?"

"ஸே ரியான், மமோன்" என்றாள். ஒன்றுமில்லையாம். பிரெஞ்சில் ஒன்றுமில்லை என்றால் நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செத்தவள் இந்த முகத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்துவிடுவாளோ என்று பயந்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பயந்தேன். செபமாலையை அவள் பைக்குள் போட்டுவிட்டேன்.

பிறகு அந்தப் பிள்ளையின் தாய் போன் எடுத்தார். குரல் மெல்லியதாக இருந்தது. லப்டொப் விற்றது தனக்குத் தெரியாது என்றார். கண்முன்னால் கிடக்கக் கிடக்கத் தாங்கமுடியாமல் தன் கணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். தாங்கள் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை, திருத்துகிற கடையில் அழித்துத்தான் தரலாம் என்றார்களாம்.

"அவளின்ரை குரல் அதுக்குள்ளை கிடக்கு. உங்கடை பிள்ளைக்குத் திறக்குதாம். ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. முகத்தை மட்டும் காட்டினால் போதும்."

முகத்தை மட்டும் என்று அவர் கேட்டது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கழற்றிக் கொண்டுவந்து கொடுக்கும் பொருளைக் கேட்பது போலிருந்தது. பார்ப்போம் என்று சொல்லிப் போனை வைத்தேன். போகவிடுவதில்லை என்பதுதான் என் எண்ணம். மகள் ஒரே வார்த்தையில் முடித்தாள். "நான் போறன்." அவள் தமிழில் சொன்னால் மாற்றமுடியாது.

ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானம் இரண்டு பேரும் போனோம். லா சப்பலில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடம், நாலாம் மாடி. கதவைத் திறந்த அந்த மனிதர் அன்று போலவே நிலத்தைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றார். ஹோலில் மாலை போட்ட படம் இருந்தது. பயந்து பயந்து பார்த்தேன். என் மகளை உரித்து வைத்திருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. அந்தப் பிள்ளை கொஞ்சம் நிறம், பல் சின்னதாகத் தெற்றியிருந்தது. ஆனால் கண்ணும் புருவமும் பார்க்கும் விதமும் என் பிள்ளையினுடையவை.

தாய் என் மகளைப் பார்த்தார். அழவில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. "உதிலை இரு" என்று யன்னலோரம் ஒரு கதிரையைக் காட்டினார். அது யாருடைய கதிரை என்று கேட்கத் தேவையில்லை. மகள் இருந்தாள். கதிரையின் உயரம் அவளுக்குச் சரியாக இருந்தது.

மூடியைத் திறந்தாள். சிவப்பு வெளிச்சம் மின்னியது. பெயரைப் பார்த்ததும் தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். படங்களையும் வீடியோக்களையும் மகள் ஒரு சின்ன டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தாள். பிறகு தாய் கேட்டார், குரல் இருக்கும் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி.

கடைசியாக எடுத்த வீடியோ அதே கதிரையில் எடுத்தது. தாதிப் படிப்புக்கான நேர்முகத்துக்கு அந்தப் பிள்ளை தன்னைத் தானே படம் பிடித்துப் பழகியிருக்கிறாள். முழுக்கப் பிரெஞ்சு, வேகமான பிரெஞ்சு. தாய் கிட்டப் போய்த் திரையின் வாயையே பார்த்தார். பிறகு என் மகளிடம் திரும்பினார்.

"என்ன சொல்லுறாள்?"

மகள் முதலிலிருந்து போட்டாள். அங்கே ஒரு வரி வர நிறுத்தி, இங்கே தமிழில் சொன்னாள்.

"வணக்கம். என்ரை பேர்..." என்று அந்தப் பெயரைச் சொன்னாள்.

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது எனக்கு.

"சின்ன வயசிலையிருந்து அம்மாவோடை டொக்டரிட்டைப் போறது நான்தான். அம்மாவுக்கு நோகிறதைப் பிரெஞ்சிலை சொல்லுவன். டொக்டர் சொல்லுறதைத் தமிழிலை சொல்லுவன்." எங்கள் வீட்டிலும் அது அவள் வேலைதான். அடுத்த வரியைக் கேட்டு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சில நேரம் முழுக்கச் சொல்லுறேல்லை. அம்மா பயப்பிடுவா."

அந்தத் தாய் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "டொக்டர் அவ்வளவு நேரம் கதைப்பார், நீ ரெண்டு சொல்லிலை முடிப்பாய். எனக்குத் தெரியாதே?" என் மகளின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

வீடியோ முடிந்ததும் அவரே சொன்னார், இனி அழிக்கலாம் என்று. மகள் வீட்டில் போய்ச் செய்கிறேன் என்றாள். வேண்டாம், இங்கேயே செய் என்றார். கணவன் மனைவி இருவரும் எழுந்து நின்றார்கள். திரை கறுத்தது. அது முடியும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

நாங்கள் வெளிக்கிட்டுப் படியில் கால் வைத்தபோது பின்னால் அந்தத் தாய் கூப்பிட்டார். என் மகளைத்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவரது கணவர் அவசரமாக அவர் தோளைப் பிடித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். யாராவது என் பிள்ளையைச் செத்தவளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே கிழித்துவிடுவேன் என்று ரயிலில் வரும்போது சொல்லிக்கொண்டு வந்தவள் நான். அந்த வாசலில் நின்ற தாயைப் பார்த்தேன். மகளுக்குத் தலையசைத்தேன்.

அவள் திரும்பிப் போனாள். "போயிட்டு வாறன் அம்மா" என்று சொன்னது கேட்டது.

நான் நிற்காமல் இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே கதவு சாத்தியது. காலடிச் சத்தம் இறங்கி வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்த கை பனிக்கட்டியாக இருந்தது.

"அம்மா," என்றாள் தமிழில், "என்ரை பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"இன்னொருக்கா."

கீழே வீதிக்கு வந்து சேரும்வரை, ஒவ்வொரு படிக்கும், என் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லியே அவளை இறக்கிக் கூட்டிவந்தேன்.