பொதுக் கிணற்றில் ஒரு சோலார் மோட்டார்

ஜவ்வாது மலையில் எனக்கும் வள்ளிக்கும் அடுத்தடுத்த நிலம். இருவருக்கும் கிணறு ஒன்றுதான். அவள் அதில் சோலார் மோட்டார் போட்டதிலிருந்தே எனக்குச் சந்தேகம். வெயில் இருக்கும்வரை ஓடும் மோட்டார், என் பங்குத் தண்ணீரையும் இறைத்துவிடாதா? அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கிணறு அடிமட்டத்துக்குப் போனது. காய்ச்சலில் நான் வீட்டில் படுத்திருந்தபோது, வள்ளி தினமும் மோட்டார் போடுகிறாள் என்று காதில் விழுந்தது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் எழுந்து போனேன்.

வள்ளியின் சாமை காய்ந்து கிடந்தது. குழாயை என் நிலத்தில் போட்டுவிட்டு, அவள் மடை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி பண்ற?”

“என்து கருகிப்போச்சிக்கா. உன்துதான் கதிர் வாங்குது. இருக்கற தண்ணி அதுக்காவது ஆவட்டுமே.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா, கிணத்த காலி பண்ண சாக்கு சொல்றேன்னுவ.”

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

இன்றும் மழையை நான் நம்புவதில்லை. ஆனால் வள்ளி மோட்டார் போட்டால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.