நாற்பத்திரண்டு தடவை கேட்டது

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கல்யாண மண்டபங்களில் தேதி பதிவு செய்வதற்கான மென்பொருள் எழுதுகிறோம். சென்னையில் ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் ரிசப்ஷன் சனி மாலையே நடந்துவிடும். அதனால் சனி மாலை காலியாக இல்லாத மண்டபத்தை ஞாயிறு முகூர்த்தத்துக்குக் கொடுக்கக் கூடாது. இதைச் சரிபார்க்கும் வரிகளை எழுதி முடிக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது.

அதே பத்து நாளில் பக்கத்து இருக்கைக்காரன் அதே மென்பொருளின் காலண்டர் பக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டு பேர் வேலையையும் ஒன்றாகச் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. இருவரும் ஒரே வரிகளில் கைவைத்திருக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்ள என்று கேட்டது. இதைத்தான் கான்ஃப்ளிக்ட் என்போம். மொத்தம் நாற்பத்திரண்டு இடங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டிய வேலை.

"பத்தரைக்குள்ள ஏத்திடுங்கப்பா, அப்புறம் ராகு காலம்" என்றார் முதலாளி. அவர் இருக்கும்வரை ராகு காலத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து எதுவும் வெளியே போகாது. நான் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் அவன் ஏற்றி முடித்திருந்தான்.

"எல்லாம் பாத்தியா?"

"பாத்துட்டேன் மச்சி, டென்ஷன் ஆவாத."

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாற்பத்திரண்டு இடத்திலும் அவன் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடையதையே வைத்து, சனி மாலையைச் சரிபார்க்கும் என் வரிகளைத் தூக்கிப் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை, ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். கையில் துணிப்பை, அதற்குள் மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். வடபழனியில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு முகூர்த்தம் பதிந்திருக்கிறார். ஆனால் முந்தின நாள் மாலை அங்கே வேறொரு வீட்டின் பிறந்தநாள் விழா முன்பே பதிவாகியிருக்கிறது. பத்திரிகை அச்சான பிறகுதான் தெரிந்திருக்கிறது. மண்டபக்காரர் எங்களைக் கைகாட்டிவிட்டார்.

"சிஸ்டம்ல ஏதோ ஆயிடுச்சு சார்" என்றார் முதலாளி.

எனக்கு ரத்தம் கொதித்தது. சிஸ்டம் என்ன செய்யும்? அது ஒழுங்காகத்தான் கேட்டது, நாற்பத்திரண்டு தடவை கேட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த மனிதர் சத்தம்கூடப் போடவில்லை. "ரிசப்ஷனுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு ஹால் கெடைச்சிருக்கு. ஒரு பேனா குடுங்க தம்பி. மயிலாப்பூர்ல இன்னிக்கே குடுத்தாகணும்" என்று என் மேஜையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் ஹால் பெயரை அடித்து எழுத ஆரம்பித்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் அடித்தல் திருத்தல்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் முடிஞ்சு எழுதலாமே சார்."

"இதுக்கு மேல என்ன சார் ஆவணும்?" என்றார் அவர், தலை நிமிராமல்.

பக்கத்து இருக்கையில் அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்போனைப் பிடுங்கினேன். பத்திரிகைகளில் பாதியை அள்ளி அவன் முன்னால் போட்டேன்.

"இதையாச்சும் ஒவ்வொண்ணா படிச்சுப் பண்ணு."

முதல் பத்திரிகையைப் பிரித்தான். பெண்ணின் பெயரை, அப்பா பெயரை, மண்டபத்தின் பெயரைப் படித்தான். பேனாவைத் திறந்தவனுக்கு அந்தப் பெயரை அடிக்க வெகுநேரம் கை வரவில்லை.