கணக்கில் சேராத நுங்கு

போன வருடம் சித்திரையில் என் இதயம் பலவீனப்பட்டு இரண்டு காலும் வீங்கிவிட்டன. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்று உத்தரவு. காப்பி, மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். குடித்தது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் நர்ஸ் எழுதுவார். முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். அரை மில்லி தப்பாக அளந்தவர்களை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் திசையன்விளை மளிகை வியாபாரி ஒருவர், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவருடைய மைத்துனர் தினமும் காலை பஸ்ஸில் ஒரு தூக்குவாளி நிறைய நுங்கு கொண்டுவருவார். முதல் நாள் எனக்கும் நீட்டினார்கள். ஒரு லிட்டர் உத்தரவைச் சொல்லி மறுத்தேன். வியாபாரிக்கு அது விளங்கவில்லை.

“இது திங்கிற சாமான்லா அண்ணாச்சி. குடிச்சாத்தான தாள்ல எழுதணும்?”

இவ்வளவு அழகான வாதத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. நுங்குக்குள் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் தெரியாதவர்களாக இருக்கச் சம்மதித்துக்கொண்டோம். நான் விழுங்கி முடிக்கும்வரை மைத்துனர் வார்டு வாசலில் காவல் நிற்பார். அவர் இருமினால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஒரு நாள் அந்த மனிதருக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. நான் வாயில் இரண்டு சுளையோடு கால் மணி நேரம் போர்வைக்குள் கிடந்தேன்.

எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிற சின்னப் பெண். ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த வாரக் கடைசியில்தான் முடிவு செய்யப்போகிறார்கள் என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான்காம் நாள் காலையில் எடை பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. தாளைப் பார்த்தால் குறைந்திருக்க வேண்டும். மருத்துவரோடு வந்த தலைமை நர்ஸ் அந்தப் பெண்ணை வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏசினார். அளக்கத் தெரியாதா, உட்கார்ந்த இடத்திலேயே எழுதினாயா, இன்றைக்குள் விளக்கம் எழுதிக் கொடு என்றார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரி மாவுக்கட்டைச் சொறிந்தார்.

மருத்துவர், நீர் பிரிய வைக்கும் ஊசியை இரண்டு மடங்காக்கச் சொன்னார். அப்போது அந்தப் பெண் வாய் திறந்தார். இவருக்குக் காலையிலேயே ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது, மருந்தையும் கூட்டினால் சிறுநீரகம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது, ஒரு மணி நேரம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். கண்ணில் நீர் நின்றது, ஆனால் குரல் பிசிறவில்லை. மருத்துவர் சரி என்றார்.

எல்லோரும் போனபின் அந்தப் பெண் என் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தாளை எடுக்கவே இல்லை. என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி, பள்ளம் மேலே வரும்வரை பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

“நாலாம் கட்டில்காரருக்கும் ஒரு லிட்டர்தான். தண்ணி தண்ணின்னு என் உசுர எடுக்காரு. நீங்க மூணு நாளா ஒரு வாய் கேக்கலயே ஐயா. இந்த வெயில்ல எப்படி?”

மனக்கட்டுப்பாடு என்றேன். கூச்சமே இல்லாமல்தான் சொன்னேன்.

“நாக்கு இப்படி ஈரமா இருக்கே, அதுவும் கட்டுப்பாடுதானா?”

வியாபாரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“நான் எழுதினது சரின்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர். “நீங்க சொல்லாம வச்சிருக்கது என்னன்னுதான் தெரியல. அது தெரியாம ஊசியக் கூட்டினா உங்களுக்குத்தான் ஆபத்து.”

நுங்கு என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். ஆறு சுளை என்றேன். மறுபடியும் கணுக்காலை அழுத்தினார். எட்டு என்றேன்.

“பன்னெண்டு தாயி. வாளி என்னுதுல்லா” என்றார் வியாபாரி.

ஊசியைக் கூட்டவில்லை. நுங்கு நின்றது, எடை இறங்கியது. அன்று பிற்பகல் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டேன். தாளில் பிழையில்லை, பிழை என்னுடையது என்ற அந்தக் கடிதத்தை, மற்றவர்கள் பார்த்துவிடாதபடி உறையிலிட்டு ஒட்டித் தலைமை நர்ஸிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, விளக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலையும் நிரந்தரமானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கிளம்பிய மதியம் நாலாம் கட்டில்காரர் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“பொழைச்சீரு வே. அந்தப் பிள்ள அளவெல்லாம் தப்புத்தப்பா எழுதுதாம்லா.”

ஏசியது வார்டு முழுவதும் கேட்டிருந்தது. ஏச்சைத் திரும்பப் பெற்றதோ சாத்திய கதவுக்குப் பின்னால். என் கௌரவத்துக்காக உறையில் ஒட்டிய பசைக்கு அந்தப் பெண் கொடுத்துக்கொண்டிருந்த விலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வார்டின் நடுவில் போய் நின்றேன். பாடம் நடத்திய குரலில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுளை, இருமல் காவல், போர்வை உட்பட அத்தனையும் சொன்னேன். சிரிப்பு கட்டில் கட்டிலாகப் பரவியது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர் என்று கெஞ்சினார்.

கோடியில் அந்தப் பெண் அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே சொன்னார்:

“பையப் பேசுங்க ஐயா. ஆளுக தூங்கணும்லா.”