கழுத்துக்கு அடியில் இன்னொரு கை

இது நடந்த விஷயம். இட்டுக்கட்டியது என்று யாராவது சொன்னால் நாஸியா சண்டைக்கு வரமாட்டாள். வலதுகை விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். போன வருஷம் ஜூன் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.52-லிருந்து அவளுக்கு இந்தப் பழக்கம். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அடையாறில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நாஸியாவுக்கு முப்பத்தொரு வயது. ராயப்பேட்டைக்காரி. பிஸியோதெரபி படித்தவள். காந்தி நகரில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் வெந்நீர்க் குளம் கட்டி வைத்தியம் செய்யும் இடத்தில் வேலை. குளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்தடிக்குப் பதினைந்தடி, நாலடி ஆழம், மேலே கூரை. தண்ணீர் எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். மூட்டுப் பிடிப்பு, முதுகுவலி, தூக்கமின்மை என்று வருகிறவர்களை மல்லாக்க மிதக்கவிட வேண்டும். இடது முழங்கை மடிப்பில் அவர்கள் கழுத்து. வலதுகை இடுப்புக்கு அடியில். காது தண்ணீருக்குள், மூக்கு வெளியே. அப்படியே ஏந்திக்கொண்டு மெல்ல இழுத்து, சுழற்றி, ஆட்டி, இறுகிப்போன இடங்களைப் பிடித்துவிட வேண்டும். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நாஸியாவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது. படுக்கைப்புண் கழுவியிருக்கிறாள். தண்ணீரிலேயே சிறுநீர் விட்டுவிட்டவர்களை முகம் சுளிக்காமல் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள். உடம்பென்றால் அப்படித்தான் என்பாள்.

அந்த ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சூடாமணி முதல் தடவையாக வந்தார். மயிலாப்பூர். அறுபத்தெட்டு வயது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சர். முந்தைய வருஷம் படியில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் இறுகிப்போய், கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை.

“எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம்” என்றார். “என் ஜாக்கெட்டை நானே போட்டுக்கணும். மருமக முன்னாடி கையை நீட்டிண்டு நிக்கற வெக்கக்கேடு போறும்.”

நாஸியாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ‘மிஸ்’ என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

முதல் நாள் சூடாமணி மிதக்கவே இல்லை. மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தார். “கழுத்தை விட்டுடாதே. கழுத்தை விட்டுடாதே.” நாற்பத்தைந்து நிமிஷமும் இதேதான்.

ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. 2.30-க்கு இறங்கினார்கள். 2.40-க்குச் சூடாமணியின் கழுத்து சட்டென்று தளர்ந்தது. அவ்வளவு சீக்கிரம் யாரும் தளர்ந்து நாஸியா பார்த்ததில்லை. கையில் கனமே தெரியவில்லை. நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே ஏறி உட்கார்ந்ததும் சூடாமணி கேட்டார்.

“இன்னொரு பொண்ணு இருந்தாளே, அவ யாரு?”

“நான் மட்டும்தான் மிஸ்.”

“போடி. நீ இடுப்பைப் பிடிச்சிண்டே. கழுத்தை அவதானே பிடிச்சிண்டா, ரெண்டு கையாலயும். கை கொஞ்சம் கொழகொழன்னு இருந்துது. ஆனா ஒரு ஆட்டம் இல்லை.”

கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் எத்தனையோ தோன்றும். நாஸியா சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். குனியும்போதுதான் தண்ணீரைப் பார்த்தாள். சூடாமணி மிதந்த இடத்தில் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது, ஆறிய கஞ்சியில் படர்வதுபோல. விரலால் தொட்டாள். விரலோடு வந்தது. உதறினாள். போகவில்லை. சுவரில் தேய்த்தாள்.

அன்றிரவு சாப்பிடும்போது விரலில் ஒரு வாசனை. வாளியில் நாலு நாள் ஊறிய துணியின் வாசனை. பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தாள்.

பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 8.10-க்கு, குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலம் அவளைப் பின்பக்கம் கூப்பிட்டார். தண்ணீரை வடிகட்டும் கூடையைக் கழற்றி வைத்திருந்தார்.

“இன்னா மேடம் இது? யாருக்குனா தோல் வியாதி கீதா?”

கூடை நிறைய வெள்ளையாக, நார் நாராக. சிலது நீளமாகச் சுருண்டிருந்தது. ஊறிப்போன அப்பளம்போல. தணிகாசலம் குச்சியால் கிளறினார். ஒரு துண்டு குச்சியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

“தண்ணி மாத்தி மூணு நாள்தான் ஆவுது. மருந்தும் போட்டேன். ஆனாலும் நாறிக்கினே கீது.”

“கொட்டிடுங்க” என்றாள் நாஸியா. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீரை முழுக்க மாற்றினார்கள். 2.30-க்குச் சூடாமணி வந்தார். 2.41. மறுபடி அதே தளர்வு. மறுபடி கையில் கனமில்லை. தண்ணீரின் சூடு மட்டும் சரியில்லை. கழுத்தருகே ஒரு முழ நீளத்துக்குச் சில்லென்றிருந்தது. சில்லென்றா... இல்லை. பிசுபிசுவென்று. தண்ணீர் அங்கே கெட்டியாக இருந்ததுபோல.

சத்தமும் கேட்டது. சொர்ர்ர்... என்று குழாய் திறந்து விட்டதுபோல. அந்த அறையில் குழாயே கிடையாது.

நாஸியா நிமிர்ந்து பார்த்தாள். நின்றது. சூடாமணி தூக்கத்தில் சிரித்தார்.

“வந்துட்டியா” என்றார்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நாஸியா இன்றைக்கும் அதைச் சொல்லித் தன்னை நொந்துகொள்வாள். ஆனால் மேலே ஏறியதும் சூடாமணி வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் உயரம். பதினோரு மாதத்தில் முதல் தடவை. அவர் கண் கலங்கியது. “இன்னும் ரெண்டு தடவை வந்தா ஜாக்கெட் போட்டுண்டுடுவேன்டி!” அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

பதின்மூன்றாம் தேதி.

2.30-க்கு இறங்கினார்கள். கூரையின் கண்ணாடி வழியே வெயில் தண்ணீரில் விழுந்து, அடியில் பதித்த நீல ஓடுகள்வரை பளிச்சென்று தெரிந்தன. அறையில் வேறு யாருமில்லை. தணிகாசலம் சாப்பிடப் போயிருந்தார். சுவர்க் கடிகாரம் எதிரேயே இருந்தது.

2.44. ஒன்றுமில்லை. நாஸியா சூடாமணியை இடதும் வலதுமாக மெல்ல ஆட்டினாள்.

2.47. அந்த வாசனை வந்தது. இந்தத் தடவை விரலிலிருந்து அல்ல. தண்ணீரிலிருந்து. ஈரத்துணி, அழுகிய வெங்காயம், அதற்கு அடியில் தித்திப்பாக இன்னொன்று. வாயால் மூச்சுவிட்டாள். நாக்கில் ருசி தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சொர்ர்ர்...

2.49. சூடாமணியின் வலது கை அசைந்தது. தானாக அல்ல. தானாக அசையும் கை எப்படி இருக்கும் என்று நாஸியாவுக்குத் தெரியும். தோள்தசை முதலில் இறுகும். இங்கே தசை தூங்கிக்கொண்டிருந்தது. கை மட்டும் எழுந்தது. தோள் உயரம். அதற்கு மேல். காது வரை.

மேல்கைச் சதையில் நாலு குழிகள் விழுந்திருந்தன. விரல் அழுத்தியதுபோல.

அங்கே விரல் இல்லை.

நாஸியா கத்தவில்லை. கத்தினால் மிஸ் திடுக்கிட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார். மெல்லப் படிக்கட்டை நோக்கிப் பின்வாங்கினாள். பத்தடி தூரம். ஒரு அடி வைத்தாள். சூடாமணியின் தலை வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் பிடித்திருந்தார்கள்.

2.52. இடுப்பிலிருந்து வலதுகையை எடுத்து, கழுத்துக்கு அடியில் விட்டாள்.

அங்கே ஒரு கை இருந்தது.

உள்ளங்கை. மேலே பார்த்து விரிந்திருந்தது. ஊதியிருந்தது. பன்னைப் பாலில் ஊறவைத்ததுபோல் மெத்தென்று...

பிடித்து இழுத்தாள்.

நழுவியது.

கை அல்ல. அதன் தோல்.

மணிக்கட்டிலிருந்து உறைபோல் கழன்று அவள் விரல்களில் சுற்றிக்கொண்டது. வழுவழுவென்று. வெதுவெதுப்பாக.

கையை உதற முடியாது. மிஸ் மூழ்கிவிடுவார்.

அதோடேயே கழுத்தை ஏந்தினாள்.

ஒரு அடி.

இன்னொரு அடி.

படி.

சூடாமணியை மேலே உட்காரவைத்துவிட்டு, நாஸியா குளத்தின் ஓரத்திலேயே குனிந்து வாந்தியெடுத்தாள். குடலே வெளியே வந்துவிடும்போல் எடுத்தாள். வலது கையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக, ரேகைகளோடு. ஆயுள் ரேகைகூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு நகம். கருங்கல் விளிம்பில் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அவளுடைய தோலும் சேர்ந்து உரிந்தது.

“ஏன்டி நிறுத்திட்டே?” என்றார் சூடாமணி, அரைத்தூக்கத்தில். அவர் வலது கை தலைக்குமேல் இருந்தது. ஈரமுடியைக் கோதிக்கொண்டிருந்தது.

மறுநாள் குளத்தை வற்றவிட்டார்கள். ஓட்டின் இடுக்கு இடுக்காகத் தணிகாசலம் தேய்த்தார். “ஒண்ணியும் இல்ல மேடம். சுத்தமா கீது” என்றார். மிஸ் வீட்டுக்குப் போன் செய்து, குளம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, நாஸியா அந்த வேலையை விட்டாள். அந்தக் குளத்தில் எவளோ செத்திருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். அக்கம்பக்கம் விசாரித்தாள். அந்த பங்களாவில் யாரும் சாகவில்லை.

ஜூலை ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை 11.15. லஸ் பக்கம் ஒரு காய்கறிக் கடையில் சூடாமணியின் மருமகள் ஸ்ரீலக்ஷ்மி எதிர்ப்பட்டாள். நாஸியாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாக்குக் கை நன்னாத் தூக்க வர்றது. ஜாக்கெட் அவாளே போட்டுக்கறா. நீங்க மகராஜியா இருக்கணும்.”

“நான் நாலு தடவைதானே பண்ணினேன்” என்றாள் நாஸியா. “வீட்ல யாராவது பிடிச்சு விடறாங்களா?”

ஸ்ரீலக்ஷ்மியின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“முன்னாடி தாயம்மான்னு ஒருத்தி இருந்தா. ஒன்பது வருஷமா எங்காத்துல வேலை. முன்ன சிந்தாதிரிப்பேட்டையில ஆத்தங்கரையோரம் இருந்தா. குடிசையெல்லாம் காலி பண்ணி அங்கேர்ந்து எல்லாரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிட்டாளே, அதுக்கப்புறமும் ரெண்டு பஸ் மாறி வருவா. அம்மா விழுந்ததுலேர்ந்து தினம் மத்தியானம் ரெண்டரைக்கு வெந்நீர் விட்டுத் தோளைத் தேய்ச்சு விட்டது அவதான். நான்தான், உங்க இடம் கிடைச்சதும், இனிமே வேண்டாம்னு சொல்லிட்டேன். மே முப்பத்தொண்ணு.”

“என்ன சொன்னாங்க?”

“‘தண்ணில படுக்க வெப்பாங்களாம்மா? கழுத்த யாரு புடிச்சிப்பாங்க?’ன்னு மட்டும் கேட்டா.”

நாஸியா காய்கறித் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜூன் எட்டாம் தேதி அவ மக போன் பண்ணினா” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. “தாயம்மா தனியாத்தான் இருந்தா. பாத்ரூம்ல விழுந்திருக்கா. குழாய் திறந்தது திறந்தபடி. தண்ணி போற ஓட்டை அடைச்சிண்டு, உள்ள முழுக்கத் தேங்கி, அதுலயே கிடந்திருக்கா. அஞ்சு நாளா யாருக்கும் தெரியலை. கீழ் வீட்டுல கூரை ஒழுகி நாத்தம் வந்தப்பறம்தான் கதவை உடைச்சாளாம். தூக்கப்போனா தோல் கையோட வந்துடுத்தாம். அம்மாகிட்ட இன்னிவரைக்கும் சொல்லலை. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கோம்.”

நாஸியா கணக்குப் போட்டாள். எட்டாம் தேதிக்கு ஐந்து நாள் முன்னால். மூன்றாம் தேதி. மிஸ் முதல் தடவை குளத்தில் இறங்கிய நாள்.

“இன்னொண்ணும் அவ மக சொன்னா” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, குரலைத் தாழ்த்தி. “உடம்பு முழுக்கத் தொளதொளன்னு ஆயிடுத்தாம். கை ரெண்டு மட்டும் விறைச்சே இருந்துதாம். மடக்கவே முடியலை. அப்படியேதான் எடுத்துண்டு போனாளாம்.”

செத்தவர் உடம்பின் விறைப்பு இரண்டு நாளுக்குமேல் நிற்காது. நாஸியா படித்திருக்கிறாள். ஐந்தாவது நாள் எந்தத் தசையும் இறுகி இருக்காது.

“கை எப்படி இருந்துச்சாம்?”

ஸ்ரீலக்ஷ்மி காய்ப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கைகளை மேலே பார்க்க விரித்து, பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் காட்டினாள்.

“இப்படி. எதையோ ஏந்திண்டிருக்கற மாதிரி.”